ரமளானில் ஒரு ளகரம்

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் தன் அரபி நோட்டை என் மடியில் கொண்டுவந்து போட்டான். இங்கே ஷார்ஜாவில் நம் பிள்ளைகளுக்கு அரபிப் பாடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைய வீட்டுப்பாடம், ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதுவது. முட்டையை நசுக்கிப் படுக்க வைத்ததுபோல் ஓர் உருவம், கீழே வளைந்து இறங்கும் வால், தலைக்கு மேல் ஒரு புள்ளி.

"தாத்தா, இந்த எழுத்து உலகத்திலே அரபிக்காரங்ககிட்ட மட்டும்தான் இருக்காம். எங்க மிஸ் சொன்னாங்க. இதைத் தமிழ்ல எப்படி எழுதுறது? நம்ம ழ மாதிரியா?"

நான் மொழி படித்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்று முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. காரணம், அதே எழுத்தின் மேல் 1985-இல் நான் சிவப்பு மை போட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் நாராயணவனம். பெரியவர்கள் வாயில் நாராயணவரம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் புத்தூர் ஸ்டேஷனில் இறங்கிப் போக வேண்டும். எலும்பு முறிந்தவர்கள் தேடி வருகிற, 'புத்தூர்க் கட்டு'க்குப் பெயர்போன அதே புத்தூர். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைத் திருமலைப் பெருமாள் கைப்பிடித்தது எங்கள் ஊரில்தான் என்பது ஐதீகம். கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலில், அந்தக் கல்யாணத்துக்கு மாவரைத்தது என்று ஒரு பெரிய திருகைக் கல்லைக் காட்டுவார்கள். ஊரை ஒட்டி ஆரணியாறு. சித்தூர் மாவட்டமாக இருந்தது 2022-இலிருந்து திருப்பதி மாவட்டம். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் நாங்களும் ஆந்திரத்தில் நின்றோம்.

அந்தப் பாதையில் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. இந்திய ரயில்வேயின் மிக நீண்ட ஸ்டேஷன் பெயர்களில் ஒன்று. அந்தப் போர்டுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்குக் கூலியை எழுத்துக் கணக்கில் கொடுத்தால் ஒரே நாளில் பணக்காரர் ஆகிவிடுவார் என்று எங்களுக்குள் ஒரு வேடிக்கை.

எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பாட்டி 'கோளி அடைகாக்குது' என்பாள். எதிர்வீட்டம்மாள் அதையே 'கோடி' என்பாள். நம் ஏழு அவர்களுக்கு ஏடு. நம் மேழி அவர்களுக்கு மேடி, நம் ஊழியம் அவர்களுக்கு ஊடிகம். சோழனே அந்தப் பக்கம் போனால் சோடன்தான். கடப்பைப் பக்கத்தை ஆண்ட ரேநாட்டுச் சோடர்களின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்துக்கென்று தனி எழுத்தே இருந்தது. பிறகு அந்த ஒலி நாக்கை விட்டு நழுவ, எழுத்தும் போயிற்று. கம்ப்யூட்டருக்கான யூனிகோடில் 2014-இல்தான் அதற்கு மறுபடி ஓர் இடம் கிடைத்தது. கன்னடத்திலும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. அங்கே ழகரம் ளகரத்தில் கலந்துவிட்டது: ஏளு, கோளி. எந்தச் சொற்களில் ழகரம் வரும் என்பது மறந்துபோகத் தொடங்கிய காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் கேசிராஜர் தம் 'சப்தமணிதர்ப்பண'த்தில் அந்தச் சொற்களைப் பட்டியல் போட்டு வைத்தார்.

ஆக, ஒரே ஒலி ஒரு வீட்டில் 'ட' ஆகவும் அடுத்த வீட்டில் 'ள' ஆகவும் விழும் என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். தெரிந்தும் என்ன பயன்?

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெலுங்குதான். தமிழ் எழுத்தை அப்பா பழைய நியூஸ்பேப்பரை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பாலிடெக்னிக் படிக்கத் தமிழ்நாட்டுக்கு வந்தேன். முதல் வாரமே ஓர் ஆசிரியர் ஏதோ கணக்குக்கு விடை கேட்க, நான் 'ஏளு சார்' என்றேன். வகுப்பே சிரித்தது. 'ஆந்திராத் தமிழா? இன்னொரு தரம் சொல்லு' என்று நான்கு தரம் சொல்ல வைத்தார். அன்றிலிருந்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று வாழைப்பழம், கிழவழுக்கு என்று மாதக் கணக்கில் நாக்கை மடித்தேன். ழகரம் வந்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. மற்றவர் தமிழில் பிழை பிடிப்பது.

* * *

1985 கோடை. அப்போது நான் பி.டபிள்யூ.ஐ., அதாவது குறிப்பிட்ட தூரம் ரயில் பாதைக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர். என் கீழ் கீமேனாக ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், கடற்கரைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். எல்லோரும் அவரை 'பாய்' என்போம். கீமேன் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தோளில் சுத்தியலும் ஸ்பானரும் போட்டுக்கொண்டு, தன் எல்லை முழுவதும் தினமும் நடந்து, தளர்ந்த பிடிப்புகளை இறுக்க வேண்டும். அந்த வருஷம் நோன்பு மே கடைசியில் தொடங்கியது. வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளிந்துவிடும் என்று நாங்கள் கூடுதல் ரோந்து போடுகிற காலம். ஜல்லியிலிருந்து எழும் அனல் முகத்தில் அடிக்கும். பாய் அதில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் நடந்தார். டியூட்டியில் ஒரு குறை கிடையாது.

ஜூனில் லீவ் லெட்டர் கொடுத்தார். 'ரமளான் பெருநாளுக்காக மூன்று நாள் விடுப்பு' என்று அழகான கையெழுத்து. நான் 'ரமளான்' என்பதைச் சுழித்து, மேலே சிவப்பு மையில் 'ரம்ஜான்' என்று எழுதி, 'பிழையின்றி எழுதிக் கொண்டுவரவும்' என்று திருப்பி அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த முஸ்லிம்கள் உருது பேசுகிறவர்கள். அவர்கள் ரம்ஜான் என்பார்கள். காலண்டரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அதுவே சரி என்பது என் தீர்மானம்.

மறுநாள் பாய் வந்து நின்றார். "எங்க ஊர்ல இப்படித்தான் எழுதுவோம் சார்" என்றார். "ஊர் வழக்கம் ஆபீஸுக்கு ஆகாது பாய்" என்றேன். அவர் வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். இந்தப் போக்குவரத்தில் ஒரு நாள் போயிற்று. அவர் பிடிக்க வேண்டிய ராத்திரி வண்டியும் போயிற்று. ஊர் போய்ச் சேர்ந்தபோது பெருநாள் தொழுகை முடிந்துவிட்டது என்று பின்னால் மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. அவரை மறுபடி நான் பார்க்கவில்லை.

இப்போது பேரன் நோட்டுக்கு வருகிறேன். அவன் கேள்விக்குப் பதில் தெரியாமல் மாடி வீட்டுக் காயல்பட்டினத்துக்காரரிடம் போனேன். "இது ளாத்" என்றார். "ரமளான்ல வர்றது இதுதான். பர்ளு, ஒளு எல்லாத்துலயும் இதுதான். நாங்க ளகரம் போட்டுத்தான் எழுதுவோம்."

எனக்குக் காது அடைத்தாற்போல் ஆயிற்று. அன்று இரவு தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. மகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததையும் நூலகத்தில் பார்த்ததையும் வைத்து, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

* * *

அரபியின் 28 எழுத்துகளில் ளாத் பதினைந்தாவது. தங்கள் மொழியையே 'ளாத்தின் மொழி' என்று அரபிகள் சொல்லிக்கொள்வார்கள், நாம் ழகரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதுபோல. ஆனால் இன்றைக்கு அவர்களில் எல்லோரும் அதை ஒரே மாதிரி சொல்வதில்லை. பேரனுடைய ஆசிரியை எகிப்துக்காரர். அவர் வாயில் அது கனமான 'ட'. எங்கள் கட்டடத்துக்காரர் இந்த ஊர் அரபி. அவர் நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கனமான 'த' மாதிரி சொல்கிறார். பாரசீகர்களுக்கு அது 'ஸ' போன்ற ஓர் அதிரும் ஒலியாகி, அவர்கள் வழியாக உருதுவுக்கு வந்து, தமிழில் 'ஜ' ஆகி 'ரம்ஜான்' ஆயிற்று. இவற்றில் ளகரத்துக்கு எங்கே இடம்?

விடை பழைய அகராதிகளில் இருக்கிறது. அரபியின் முதல் அகராதியைத் திட்டமிட்டவர் கலீல் இப்னு அஹ்மத், எட்டாம் நூற்றாண்டுக்காரர். பிறந்தது இங்கே பக்கத்தில் ஓமானில், வாழ்ந்தது பஸ்ராவில். அவர் நம்மைப்போல் அ, ஆ என்று தொடங்கவில்லை. ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்த்து, தொண்டையின் அடியிலிருந்து உதடு வரை எழுத்துகளை வரிசைப்படுத்தினார். தொண்டையில் பிறக்கும் 'அய்ன்' முதல் எழுத்து. அதனால் நூலுக்கே 'கிதாபுல் அய்ன்' என்று பெயர். இன்னொன்றும் செய்தார். மூன்று எழுத்து எடுத்தால் அதை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம், நான்கு என்றால் இருபத்து நான்கு. அத்தனை அடுக்கையும் போட்டுப் பார்த்து, எது வழக்கில் உள்ள சொல், எது இல்லை என்று பிரித்தார். அகராதியை இப்படி ஓர் இன்ஜினியர் மாதிரி கட்டியவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அவருடைய வரிசையில் ளாத் பத்தாவது. ஜீம், ஷீன், ளாத் மூன்றும் ஒரே இனம். தால் என்னும் 'த' ஒலி பதினைந்தாவது இடத்தில், வேறு இனத்தில் இருக்கிறது. இன்று எகிப்தியர் சொல்வதுபோல் அது 'ட', 'த' இனத்து ஒலியாக இருந்திருந்தால் கலீல் அதை அங்கே அல்லவா வைத்திருப்பார்? அவர் மாணவர் சீபவைஹி, பாரசீகத்தில் பிறந்து அரபி இலக்கணத்தையே எழுதியவர், இடத்தை இன்னும் துல்லியமாகச் சொல்கிறார்: நாக்கின் விளிம்பும், அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும். அந்த இடத்தில் பிறக்கும் எழுத்து வேறு ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார். நாக்கின் ஓரத்தில் காற்றை விட்டுச் சொல்லிப் பாருங்கள். வருவது லகர ளகரச் சாயல்.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. ல, ள இரண்டும் பிறப்பதைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியர் காட்டுவதும் நாவின் விளிம்பைத்தான். விளிம்பு தடித்து, லகரத்துக்கு ஒற்றும், ளகரத்துக்கு வருடும். பஸ்ராவில் இருந்தவரும் நம்மவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் வாய்க்குள் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஒலி என்று நான் சொல்ல வரவில்லை. ளாத் கனமானது, உரசல் உடையது. ஆனால் தமிழ் நெடுங்கணக்கில் அதற்கு மிக அருகில் நிற்கும் எழுத்து ளகரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாளாக ஆக அரபிகளுக்கே ளாத் நழுவியது. அதற்கும் 'ளா' என்னும் இன்னோர் எழுத்துக்கும் வேறுபாடு குழம்பிற்று. (தமிழ் முஸ்லிம்கள் 'ளுஹர்' தொழுகை என்பது இந்த இரண்டாம் எழுத்து, நாமும் இரண்டையும் ஒரே ளகரத்தில்தான் போட்டோம்.) உடனே புலவர்கள் பட்டியல் போடத் தொடங்கினார்கள். பத்தாம் நூற்றாண்டில் அமைச்சராக இருந்த ஸாஹிப் இப்னு அப்பாத் இந்த இரண்டு எழுத்தின் வேறுபாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஹரீரியின் புகழ்பெற்ற 'மகாமாத்'தில் ஒரு கதையில், 'ளா' வரும் சொற்களையெல்லாம் ஒரு பாட்டாகவே கட்டிக் கொடுத்திருக்கிறார். நாம் பள்ளியில் படித்த 'வாலை, வாளை, வாழை' பட்டியல் அவர்களுக்கும் உண்டு!

பிந்திய அகராதிகள் வேறு வரிசைக்குப் போயின. பத்தாம் நூற்றாண்டின் ஜவ்ஹரி, சொல்லின் கடைசி எழுத்தைக் கொண்டு அடுக்கினார். கவிஞர்களுக்கு இயைபு தேட வசதி. நம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் மண்டலபுருடர் சொற்களை எதுகை வரிசையில் வைத்தாரே, அதே நோக்கம். இந்த ஜவ்ஹரி, மரத்தில் இறக்கை கட்டிக்கொண்டு பள்ளிவாசல் கூரையிலிருந்து பறக்கப் பார்த்து விழுந்து இறந்தார் என்று ஒரு கதை உண்டு. டிசைன் சோதிக்காமல் டிரயல் ரன் போகக் கூடாது.

1290-இல் முடிந்த 'லிசானுல் அரப்' என்னும் பேரகராதி ஜவ்ஹரி வரிசையில் போனாலும், ளாத் அத்தியாயத்தைத் தொடங்கும்போது ஜீம், ஷீன், ளாத் ஓரினம் என்ற பழைய கணக்கை மறக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. அது அரபிக்கே உரியது, பிற மொழிகளில் அரிது என்ற குறிப்பும் அதில் உண்டு. அதே அகராதியில் 'ரமளான்' பிறந்த வேர்ச்சொல்லைப் பார்த்தேன். மணலிலும் கல்லிலும் வெயில் விழுந்து கொதிக்கிற கொதிப்பு என்று பொருள். 1985-இல் ஜல்லிமேல் நடந்த பாயின் கால்கள் எனக்கு முன்னால் வந்து நின்றன. அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சொல் வாய்மொழியாகக் கப்பலேறிப் போன ஊர்களில் பழைய ஒலியின் தடம் கிடக்கிறது. ஸ்பெயினில் நகரத் தலைவருக்கு 'அல்கால்தே' என்று பெயர். அரபியின் 'அல்-காளி', அதாவது நீதிபதி. பாருங்கள், உள்ளே ஒரு லகரம். மலேசியாவில் இருந்துவிட்டு இங்கே வந்த குடும்பங்களுக்கு 'பெர்லு' தெரியும், தேவை என்று பொருள். அது நம் 'பர்ளு'வேதான். சம்மதம் என்னும் 'ரெலா', அரபியின் 'ரிளா'. ஜாவாவில் 'ரமெலான்' என்று ஆட்களுக்குப் பெயரே உண்டு. ஓமானின் தெற்கிலும் யேமனிலும் பேசும் மெஹ்ரி மொழியில் நாவிளிம்பில் பிறக்கும் இத்தகைய ஒலிகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கரைகளோடு வியாபாரம் செய்த நம் கீழைக்கரைக்காரர்கள் ளகரத்தைத் தேர்ந்தெடுத்தது, எழுதத் தெரியாமல் செய்த பிழை அல்ல. உருது வழியாக வந்த 'ரம்ஜான்' தப்பு என்று இப்போது நான் கிளம்பினால் அதுவும் அதே சிவப்பு மைதான். அது வந்த பாதை வேறு, அவ்வளவே. நீதிபதியைக் காஜி, காதி, காழி என்று மூன்று விதமாகவும் தமிழில் எழுதுகிறார்கள். மூன்றுக்கும் ஊர் உண்டு.

மாடி வீட்டுக்காரரின் உம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். எண்பது தாண்டியவர். தமிழ் எழுத்து அதிகம் படிக்காதவர். ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அரபுத்தமிழ் என்பார்களே, அதை மளமளவென்று படிக்கிறார். பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓர் எழுத்தைக் காட்டினார். அதே ளாத், ஆனால் அடியிலும் ஒரு புள்ளி. அரபியில் இல்லாத நம் ழகர ளகர ஒலிகளுக்கு, எங்கும் இல்லாதது என்று அரபிகள் சொன்ன எழுத்தையே எடுத்து, ஒரு புள்ளி வைத்து ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ நான் சொன்னது சரிதானே தாத்தா, ழ மாதிரிதானே?" என்றான் பேரன்.

"சரிதான்டா" என்றேன்.

"உங்க தாத்தாவுக்குத் தெரியாததா வாப்பா" என்று சிரித்தார் உம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரிடம் சிவப்பு மைக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த மனுசர் அன்னைக்கு வேறெங்காவது தொழுதிருப்பார்" என்றார்.

நம் சங்கத்தில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம், இலங்கை என்று பல ஊர்க் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்து அரபுத்தமிழ்ப் புத்தகமோ கடிதமோ கிடந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதில் அந்த இரண்டு புள்ளி எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேரனும் தன் நோட்டோடு வருகிறான்.